நாளைக்கு என்ன நடத்துவது? தேர்விடம் கேட்கும் வழி

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்புக்கு மாதத் தேர்வு வைத்து, இரண்டு ராத்திரி உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் திருத்தி, மதிப்பெண்ணை மேலிருந்து கீழாக வாசித்துத் தாளைக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் நல்ல மழை. விட்டதும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து ஊருணியில் பிள்ளைகள் கப்பல் விட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தால் எல்லாம் என் விடைத்தாள். ஒரு கப்பலின் ஓரத்தில் 38 என்று நான் போட்ட எண் மட்டும் கரையாமல் மிதந்தது.

அப்போது கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? தப்பு என்று போட்டிருந்தேன். ஏன் தப்பு, எப்படிச் சரிசெய்வது என்று ஒரு வரி இல்லை. சரிசெய்ய நேரமும் விடவில்லை, மறுநாளே அடுத்த பாடம். காலாண்டில் அதே தப்புகள் அதே பிள்ளைகளிடமிருந்து திரும்பி வந்தன.

பி.எட். அல்லது ஆசிரியர் பட்டயம் முடித்துப் புதிதாக வகுப்புக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாயங்காலம் பத்துப் பிள்ளைகளை வைத்து டியூஷன் எடுப்பவர்களுக்கும், இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் இரண்டு சொல்

பயிற்சிக் கல்லூரியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள்: வளரறி மதிப்பீடு (படிக்கும்போதே பார்ப்பது), தொகுத்தறி மதிப்பீடு (முடிவில் கூட்டிப் பார்ப்பது). இந்தப் பிரிவை 1967இல் சொன்னவர் மைக்கேல் ஸ்கிரிவன் என்ற அறிஞர். அவர் பேசியது பாடத்திட்டங்களை எடைபோடுவதைப் பற்றி. அதைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொண்டுவந்தவர் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம்.

நம்ம பக்கத்தில் இதைப் புரியவைக்க ஐந்தொகை என்ற ஒரு சொல் போதும். வட்டிக்கடைக் கணக்கில் மொத்த வரவு செலவு, பற்று, இருப்பு எல்லாவற்றையும் கூட்டிக் கடைசியில் கட்டுவது ஐந்தொகை. ஆனால் கடை ஓடுவது அன்றன்றைக்கு எழுதும் கணக்கினால். இன்றைக்குப் பத்து ரூபாய் இடிக்கிறது என்றால் இன்றைக்கே தேடுவார்கள், வருஷக் கடைசி வரை விடமாட்டார்கள். முழு ஆண்டுத் தேர்வு ஐந்தொகை. வளரறி மதிப்பீடு அன்றாடக் கணக்கு.

நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை இது: பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள், பதில் வந்தது. அந்தப் பதிலைப் பார்த்து நாளைய பாடக்குறிப்பில் ஒரு வரியாவது மாறியதா? மாறியிருந்தால் அது வளரறி. மாறவில்லை என்றால், பதிவேட்டில் என்ன பெயர் போட்டிருந்தாலும் அது ஐந்தொகைதான்.

படி 1: பாடம் முடியும்போது என்ன செய்யத் தெரிய வேண்டும்?

'பரப்பளவு' என்பது பாடத் தலைப்பு, இலக்கு இல்லை. 'ஒரு அறையின் அளவும் ஒரு தரைக் கல்லின் அளவும் கொடுத்தால், எத்தனை கல் வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்வார்கள்' என்று எழுதினால் அது இலக்கு. பாடநூலிலேயே கற்றல் விளைவுகள் அச்சாகியிருக்கின்றன. அதை உங்கள் வாயில் வரும் சொல்லில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வரி. இரண்டு வரி வந்தால் இரண்டு நாள் பாடத்தை ஒரு நாளில் திணிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

படி 2: தொடங்குமுன் தட்டிப் பார்ப்பது

2022இல் 1 முதல் 3 வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல், என்ன தெரியும் என்று பார்த்துத் தொடங்குவது அதன் அடிப்படை. மேல் வகுப்புக்கும் இதே கதைதான். ஏழாம் வகுப்பில் பரப்பளவு தொடங்குமுன் ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான். அதற்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் அடுத்த முறை பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது.

படி 3: நல்ல கேள்வி செய்வது

இதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன். சரியான விடை வந்தால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். தப்பான யோசனையோடு சரியான விடைக்கு வந்து சேரும் பிள்ளைகள் வகுப்பில் நிறைய.

ஒரு உதாரணம். தசம எண் நடத்திவிட்டு, '0.4, 0.35, 0.125 இவற்றில் எது பெரியது?' என்று கேட்டேன். பெரும்பாலோர் 0.4 என்றார்கள். சந்தோஷமாக அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அவர்களில் பலர் 'புள்ளிக்குப் பின்னால் இலக்கம் குறைவாக இருந்தால் அது பெரியது' என்று வைத்திருந்தார்கள். பத்தில், நூறில், ஆயிரத்தில் என்று போகப்போகச் சின்னதாகும் என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், கொஞ்சம் அதிகமாகவே.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள்: 0.3, 0.35, 0.125. சரியான விடை 0.35. சாதாரண முழு எண்ணைப் போலப் பார்க்கிற பிள்ளை, 125 பெரியது என்று 0.125ஐச் சொல்லும். குட்டையாக இருந்தால் பெரியது என்று நினைக்கிற பிள்ளை 0.3ஐச் சொல்லும். விடையைக் கேட்டதுமே யார் எந்த வழியில் போனார் என்று தெரிந்துவிடும். மூன்று பேருக்கும் மூன்று வேறு மருந்து.

ஆகவே கேள்வி எழுதும்போது சரியான விடையோடு நிறுத்தாதீர்கள். இதைத் தப்பாகச் செய்கிறவர் எந்த விடைக்குப் போவார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தப்பாக யோசிக்கிறவரும் சரியான விடைக்கே வந்துவிடுவார் என்றால் எண்களை மாற்றுங்கள். வாரத்துக்கு இப்படி இரண்டு கேள்வி செய்தால் போதும். பத்துக் கேள்வி செய்ய உட்கார்ந்தால் மூன்றாம் வாரம் விட்டுவிடுவீர்கள்.

படி 4: எல்லாரும் பதில் சொல்ல வேண்டும்

'யாருக்குத் தெரியும்?' என்று கேட்டால் எப்போதும் தூக்குகிற ஐந்து கைகள் தூக்கும். அந்த ஐந்து பேருக்குப் புரிந்தது என்பது உங்களுக்கு நேற்றே தெரியும்.

வகுப்பு முழுக்கப் பதில் வாங்க எளிய வழி சிலேட்டு. எல்லாரும் எழுதி, 'காட்டு' என்றதும் தூக்கிக் காட்ட வேண்டும். ஏழாம் வகுப்புப் பையன்கள் சிலேட்டைத் தொடுவது மானக்கேடு என்று முறுக்கிக்கொள்வார்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும். சிலேட்டு இல்லையா, விரல் இருக்கிறது. கரும்பலகையில் நான்கு விடை எழுதி, எத்தனாவது விடை என்று நெஞ்சோடு ஒட்டி விரல் காட்டச் சொல்லுங்கள். தலைக்கு மேல் தூக்கினால் பின்பெஞ்சு முழுக்க முன்பெஞ்சைப் பார்த்து மாறும். நெஞ்சோடு ஒட்டினால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று, பெயர்க் குச்சி. ஐஸ் குச்சிகளில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி ஒரு ஓலைக் கொட்டானில் போட்டு மேசைமேல் வைத்தேன். கேள்வியைக் கேட்டுவிட்டுக் குச்சி எடுப்பேன், பெயர் வந்தவர் சொல்ல வேண்டும். ஒரு மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் எண்ணிப் பார்த்தால் நான்கு குச்சி குறைகிறது. யாருடையவை என்று தேடினால், நான்கும் வாயே திறக்காத பிள்ளைகளுடையவை. அவரவர் குச்சியை அவரவரே எடுத்து ஒளித்திருக்கிறார்கள்!

திட்டவில்லை. எல்லார் முன்னாலும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம், வேறொன்றும் இல்லை. அதன் பிறகு முறையை மாற்றினேன். கேள்வி கேட்டதும் பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசிக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் குச்சி. குச்சி வந்தவர் 'நாங்கள் இரண்டு பேரும் இப்படி நினைத்தோம்' என்று சொன்னால் போதும். தப்பாக இருந்தாலும் பாதிப் பழி பக்கத்து ஆளுக்குப் போய்விடும். குச்சிகள் தானாகக் கொட்டானுக்குத் திரும்பின. யார் போட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் இதில் சேர்ந்ததுதான். அமெரிக்க வகுப்பறைகளில் பாடங்களைப் பதிவு செய்து கேட்ட மேரி பட் ரோ என்ற ஆய்வாளர், ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று வினாடியாக்கினாலே பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று வினாடி என்பது வகுப்பில் நின்று பார்த்தால் மூன்று யுகம். மனதுக்குள் ஒன்னு, ரெண்டு, மூணு என்று எண்ணுங்கள். கை சும்மா இருக்காது என்றால் டஸ்டரை எடுத்துத் தட்டுங்கள்.

படி 5: கடைசி ஐந்து நிமிடச் சீட்டு

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கு ஒரு துண்டுத் தாள். ஒரே கேள்வி. எழுதி உங்கள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போக வேண்டும். மதிப்பெண் கிடையாது.

பரப்பளவு நடத்திய அன்று நான் கேட்டது: 'ஒரு வீட்டுப் பட்டாலை 15 அடி நீளம், 10 அடி அகலம். 10 அங்குலச் சதுர ஆத்தங்குடிக் கல் பதிக்க வேண்டும். எத்தனை கல்?' பட்டாலை என்றால் எங்கள் பக்கத்து வீட்டுக் கூடம், ஆத்தங்குடிக் கல் என்றால் தரையில் பதிக்கும் வண்ண ஓடு.

சீட்டுகளைத் திருத்தக்கூடாது. குவியலாகப் பிரிக்க வேண்டும். ஆசிரியர் அறையில் மேசைமேல் ஒவ்வொன்றாகப் போட்டேன். நான்கு குவியல் விழுந்தது.

முதல் குவியல் 216. சரி. 180 அங்குலத்தை 120ஆல் பெருக்கி 100ஆல் வகுத்திருக்கிறார்கள். சின்னக் குவியல்.

இரண்டாவது குவியல் ஒன்றரை. ஆமாம், ஒன்றரைக் கல்! 15ஐயும் 10ஐயும் பெருக்கி 150, கல்லின் பரப்பு 100, வகுத்தால் 1.5. அடியையும் அங்குலத்தையும் கலந்துவிட்டார்கள். இதுதான் பெரிய குவியல். இதில் ஒரு சீட்டு, அப்பா கல் பட்டறையில் வேலை பார்க்கும் பையனுடையது. கண்ணாடியில் வண்ணம் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற வரைக்கும் எல்லாம் தெரிந்தவன். லீவு நாளில் கல் அடுக்கிக் கொடுப்பான். மறுநாள் அவனைக் கூப்பிட்டேன்.

"எப்படிடா ஒன்றரை வந்துச்சு?"

"பெருக்கி வகுத்தேன் டீச்சர்."

"பட்டாலை முழுக்க ஒன்றரைக் கல்லு போட்டா போதுமா?"

சிரித்துவிட்டான். "போதாது டீச்சர். ஆனா கணக்குல அப்படித்தான் வருது."

இந்த ஒரு வரிக்காகவே சீட்டு வாங்கலாம். பட்டறையில் இருக்கும் கல்லும் கணக்கு நோட்டில் இருக்கும் கல்லும் அவனுக்கு வேறு வேறு கல். அவன் 1.5க்கு நான் தப்பு போட்டு நோட்டைக் கொடுத்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

மூன்றாவது குவியல் 50 என்று வந்தவை. நான்கு பக்கத்தையும் கூட்டியிருக்கிறார்கள். பரப்பளவும் சுற்றளவும் அவர்களுக்கு இன்னும் பிரியவில்லை.

நான்காவது, ஒன்றும் எழுதாத சீட்டுகள். இவற்றைத்தான் நாம் 'ஒன்றும் தெரியாது' என்று ஒதுக்குவோம். ஒதுக்காதீர்கள். அந்தப் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துக் கேள்வியை நான் வாய்விட்டு வாசித்தேன். இரண்டு பேர் உடனே செய்தார்கள். அவர்களுக்குத் தகராறு கணக்கில் இல்லை, வாசிப்பில். இத்தனை மாதமாகக் கணக்குத் தேர்வு என்ற பெயரில் நான் அவர்களின் தமிழ் வாசிப்பைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கேள்வி எதைச் சோதிக்கிறது என்பதில் எப்போதும் ஒரு சந்தேகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: மறுநாள் பாடத்தை மாற்றுவது

குவியல் பிரித்தது பத்து நிமிடம். அதன் பலன் மறுநாள்தான்.

என் பாடக்குறிப்பில் மறுநாளுக்கு எழுதியிருந்தது இணைகரம். அதைத் தள்ளிவைத்தேன். சூத்திரத்தையும் திரும்ப நடத்தவில்லை, ஏனென்றால் ஒன்றரை எழுதியவர்களுக்குச் சூத்திரம் நன்றாகவே தெரியும். தரையில் சாக்பீஸால் ஓரடிச் சதுரம் வரைந்தேன். அட்டையில் 10 அங்குலச் சதுரம் வெட்டி அதன்மேல் வைத்தேன். 'அட்டை பெரிசா, கட்டம் பெரிசா?' கட்டம். 'ஓரடிக் கல்லாக இருந்தால் எத்தனை வேண்டும்?' 150. 'அப்படியானால் இந்தச் சின்னக் கல் 150க்குக் குறையுமா கூடுமா?' வகுப்பே கூடும் என்றது. ஒன்றரை எழுதியவர்கள் தங்கள் சீட்டைத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள்.

அந்த நேரத்தில் 216 எழுதியவர்களுக்கு வேறு வேலை: பட்டாலை நடுவில் இரண்டடிச் சதுரத் தூண் நின்றால் எத்தனை கல் குறையும்? இதற்கு முழு எண்ணாக விடை வராது, கல்லை வெட்ட வேண்டிவரும். அதைப் பற்றி அவர்களுக்குள் சண்டை நடந்தது, நல்ல சண்டை. 50 எழுதியவர்களுக்கு ஒரு நூலையும் பழைய செய்தித்தாளையும் கொடுத்தேன். மேசையைச் சுற்றிக் கட்ட எது, மூட எது என்று பார்க்கச் சொன்னேன்.

பாடம் ஒரு நாள் பின்தங்கியது. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டாமா என்று மூத்த ஆசிரியர்கள் கேட்பார்கள், அது நியாயமான கேள்விதான். ஒரு நாள் பின்தங்கலாம், ஒரு வாரம் கூடாது. இரண்டாவது முயற்சியிலும் குவியல் கலையவில்லை என்றால் அந்த நான்கைந்து பேரை மதிய இடைவேளையில் பிடித்துக்கொண்டு வகுப்பை நகர்த்துங்கள்.

படி 7: நோட்டில் என்ன எழுதுவது

பணியாரம் சுடும் ஆச்சியைப் பார்த்திருப்பீர்கள். கற்றுக்கொள்ளும் பெண்ணிடம் 'உனக்குப் பத்துக்கு ஆறு' என்று அவர் சொல்வதில்லை. முதல் கரண்டி மாவை எண்ணெயில் விட்டுப் பார்த்துவிட்டு, 'மாவு இறுகிக் கிடக்கு, கொஞ்சம் பால் விட்டுக் கரை' என்பார். என்ன குறை, இப்போது என்ன செய்ய வேண்டும், இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டது. அடுத்த கரண்டிக்கு மாவும் மிச்சம் இருக்கிறது, அதுதான் முக்கியம்.

நம் நோட்டுகளில் இருப்பது 'நன்று', 'முயற்சி தேவை', 'கவனம்'. இதில் எதைப் படித்தும் ஒரு பிள்ளை எதையும் செய்ய முடியாது.

ஆறாம் வகுப்பில் சிராவயல் மஞ்சுவிரட்டு பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னேன். ஒரு பெண் எழுதியது: 'காளை வந்தது. எல்லோரும் ஓடினார்கள். நானும் பார்த்தேன். மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.' பழைய நானாக இருந்தால் 10க்கு 5 போட்டு 'விரிவாக எழுது' என்று முடித்திருப்பேன். விரிவாக எழுது என்றால் அந்தப் பிள்ளை மகிழ்ச்சிக்கு முன்னால் இன்னொரு 'மிகவும்' சேர்க்கும். இந்த முறை மதிப்பெண் போடவில்லை. 'நீ எங்கே நின்று பார்த்தாய்? காளை உன்னைக் கடந்தபோது என்ன சத்தம் கேட்டது?' என்று மட்டும் எழுதினேன். திரும்பி வந்தது: 'நான் மாமா டிராக்டர் மேல் நின்றேன். காளை போகும்போது கழுத்து மணி சத்தமும் அப்பா என் காலைப் பிடித்துக்கொண்டு கத்தியதும் கேட்டது.'

மதிப்பெண்ணை ஏன் விட்டேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பகுதிக்குக் குறிப்பு மட்டும், இன்னொரு பகுதிக்கு இரண்டும் கொடுத்தார்கள். முன்னேறியது குறிப்பு மட்டும் வாங்கியவர்கள். இரண்டும் வாங்கியவர்களுக்குப் பலனில்லை. மதிப்பெண் கண்ணில் பட்டதும் குறிப்பை யாரும் பார்ப்பதில்லை போலும். என் ஊருணிக் கப்பல்களைப் பார்த்தபிறகு எனக்கு இதில் ஆச்சரியம் வரவில்லை. பத்து வருஷம் கழித்து, 1998இல், லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக்கும் டிலன் வில்லியமும் சுமார் 250 ஆய்வுகளைத் திரட்டிப் படித்தார்கள். வகுப்புக்குள்ளேயே நடக்கும் இந்த மாதிரி மதிப்பீடு கற்றலைக் கூட்டுகிறது என்றும், பின்தங்கிய பிள்ளைகளுக்கு அதிகம் உதவுகிறது என்றும் எழுதினார்கள்.

எழுத்துப் பிழைக்கு இன்னொரு சின்ன உத்தி. ல, ள, ழ குழப்பம் நம்மூரில் தீராத நோய். பிழையை வட்டமிட்டுச் சரியானதை மேலே எழுதிக் கொடுத்தால் வேலை செய்தது நீங்கள்தான். பிழை உள்ள வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். இரண்டு பிழை என்றால் இரண்டு புள்ளி. கண்டுபிடிப்பது பிள்ளையின் வேலை. வேட்டை மாதிரி ஆகிவிடும், விரும்பிச் செய்வார்கள்.

திருத்திய நோட்டைக் கொடுத்த அன்றே, வகுப்பிலேயே, பத்து நிமிடம் அதைச் சரிசெய்ய ஒதுக்குங்கள். வீட்டில் செய் என்றால் நடக்காது.

ஆய்வுக்கு வருபவர்கள் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு அதிகாரி என் புள்ளிகளைப் பார்த்து, 'என்னம்மா இது, பேனா கசியுதா?' என்று கேட்டார். இப்போதெல்லாம் புள்ளியோடு தேதியும் கையெழுத்தும் போட்டுவிடுகிறேன். இரண்டு பக்கமும் திருப்தி.

படி 8: பிள்ளைகளே எடைபோடுவது

நல்ல கட்டுரை எப்படி இருக்கும் என்று தெரியாத பிள்ளை எப்படி நல்ல கட்டுரை எழுதும்? போன வருஷப் பிள்ளைகள் எழுதியதில் நான்கைப் பெயரை மறைத்து நகலெடுத்து வையுங்கள். குழுவாக உட்கார்ந்து எது முதல், எது கடைசி என்று அடுக்கி, ஏன் என்று சொல்லச் சொல்லுங்கள். 'இதுல ஊர் பேரு இருக்கு டீச்சர், அதுல எங்கன்னே தெரியல' என்பார்கள். அவர்கள் சொன்னதையே கரும்பலகையில் எழுதி, அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்கும் அளவுகோலைவிட இது நிற்கும்.

நோட்டு மாற்றிப் பார்ப்பதில் ஒரே ஒரு எச்சரிக்கை: மதிப்பெண் போடும் உரிமையைக் கொடுக்காதீர்கள். சாயங்காலத்துக்குள் அது பட்டப்பெயராகித் தெரு வரை போய்விடும். 'எனக்கு இந்த இடம் புரியவில்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும்.

புரிந்ததற்குப் பச்சை, பாதிக்கு மஞ்சள், புரியாததற்குச் சிவப்பு அட்டை காட்டச் சொல்லும் முறையைப் பயிற்சிகளில் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நம் பிள்ளைகள் டீச்சர் மனசு நோகக்கூடாது என்றே பச்சை காட்டுவார்கள். அதற்குப் பதில் மூன்று கணக்கை எழுதிப் போட்டு, 'இதில் எதைச் செய்யப் பயமாக இருக்கிறது?' என்று கேளுங்கள். உண்மையைச் சொல்வார்கள்.

படி 9: பதிவேடும் 40 மதிப்பெண்ணும்

தொடர் மதிப்பீடு வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவே சொல்கிறது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு எட்டாம் வகுப்பு வரை வந்தபோது வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு 60 என்று பிரித்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வளரறிக்கு மதிப்பெண் என்று வந்ததும் அதுவும் இன்னொரு தேர்வாகிவிட்டது. செயல்பாடு என்றால் கடைக்குப் போய்ச் சார்ட் வாங்கிப் படம் ஒட்டுவது, ஒட்டினால் எல்லாருக்கும் 38. பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அந்த 38 யாருக்கும் சொல்லாது. இதைவிட என் கப்பலில் இருந்த 38 கொஞ்சம் நேர்மையானது.

புதியவர் இதை எதிர்த்துச் சண்டை போட வேண்டாம். கேட்கிற பதிவேட்டைக் கேட்கிறபடி எழுதுங்கள், எமிஸில் (பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவில்) ஏற்ற வேண்டியதை ஏற்றுங்கள். உங்களுக்கென்று தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பெயர்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு நெடுவரிசை, மேலே கேள்வி இரண்டு சொல்லில். உள்ளே மதிப்பெண் வேண்டாம், குவியல் எண் மட்டும்: 1, 2, 3, 4. வாரம் இரண்டு சீட்டு என்றால் இரண்டு மாதத்தில் ஒரு பக்கம் நிறையும். ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து 4 வந்தால், அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு முதலில் வாசிக்கச் சொல்லுங்கள்.

பெற்றோர் கூட்டம்

அப்பா சிங்கப்பூரில் இருப்பார், கூட்டத்துக்கு வருவது அப்பத்தா. "ஏம்மா டீச்சரு, பய எத்தனாவது வர்றான்?" இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது. ரேங்க் சொல்லாமல் நழுவினால் எதையோ மறைப்பதாக நினைப்பார்கள். ஜூனில் எழுதிய ஒரு பக்கத்தையும் செப்டம்பரில் எழுதிய ஒரு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாகூட வித்தியாசத்தைக் காட்டிவிடுவார்: "இதுல கொஞ்சம், அதுல நிறைய." இரண்டையும் போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது

ஒன்பது படியையும் திங்கட்கிழமையே தொடங்காதீர்கள். முதல் மாதம் சீட்டு மட்டும், அதுவும் வாரத்துக்கு இரண்டு நாள், ஒரே வகுப்பில். குவியல் பிரிப்பது பழகியபிறகு கேள்வியைச் செம்மையாக்குங்கள். குறிப்பு எழுதுவதை அரையாண்டுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சீட்டுக்குத் தனியாகத் தாள் வாங்க வேண்டாம். போன வருஷ நோட்டுகளில் எழுதாத பக்கங்கள் கிடக்கும். ஒரு தாளை நான்காகக் கிழித்தால் ஒன்பது தாளில் 36 சீட்டு. என் வகுப்பில் 34 பேர். மிச்சம் இரண்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பேன், அன்றைக்கு வராதவன் மறுநாள் காலையில் வந்து, 'எனக்குச் சீட்டு இல்லையா டீச்சர்?' என்று கேட்பான்.